ஆத்தாவுக்கு ஐந்து நாளாகச் சித்தம் கலங்கியிருக்கிறது: இது மறதி நோயா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க முதலில் திருப்பிச் சொல்கிறேன். உங்கள் ஆத்தாவுக்கு, அதாவது அம்மாவுக்கு, வயது 78. தேவகோட்டைக்கு அருகில் உள்ள ஊரில், பெரிய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், உதவிக்கு ஒரு பெண்மணியோடு வசிக்கிறார். நீங்கள் சிங்கப்பூரில் இருக்கிறீர்கள், தங்கை சென்னையில் இருக்கிறார். சென்ற வாரம் வரை பால் கணக்கையும் வேலையாள் சம்பளத்தையும் தம் கையால் எழுதி வைத்தவர், ஐந்து நாளாக ஆளே மாறிப்போயிருக்கிறார். பகலெல்லாம் தூங்குகிறார். இரவில் எழுந்து, காலமான உங்கள் அப்பச்சி (அப்பா) முகப்பில் வந்து உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிக் காபி போடச் சொல்கிறார். பத்து ஆண்டுகளாகக் கூடவே இருக்கும் பெண்மணியை மாலையில் யாரென்று தெரியாமல் விரட்டுகிறார். மறுநாள் காலையில் அவரையே பெயர் சொல்லி அழைக்கிறார். சர்க்கரைக்கு மாத்திரை உண்டு. இரத்த அழுத்த மாத்திரையை மாற்றிப் பதினைந்து நாளாகிறது. இடையில் சளிக்கு மருந்துக்கடையில் ஏதோ வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். மறதி நோய் வந்துவிட்டது, இனி இப்படித்தான் என்று ஒருவரும், மந்திரிக்க வேண்டும் என்று ஒருவரும், நிதானம் முழுதும் போவதற்குள் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள் என்று ஒருவரும் சொல்கிறார்கள்.

இது மறதி நோயா, எந்த மருத்துவரிடம் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆத்தா நம்மை விட்டுப் போய்விட்டாரா, அழைத்து வர முடியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு என் பதில்: நான் அவரைப் பார்க்காதவன், ஆகவே எதையும் அறுதியிட்டுச் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனாலும் நீங்கள் விவரித்திருக்கும் விதத்தில் இது மறதி நோயின் வருகையாகத் தெரியவில்லை. உடம்பில் வேறெங்கோ ஏற்பட்ட கோளாறு மூளையைக் கலக்கியிருப்பதாகத் தெரிகிறது. அப்படியானால் இதில் பெரும்பகுதி சரிசெய்யக்கூடியது. தங்கை சென்னையிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.

காரைக்குடி வட்டாரத்தில் பொது மருத்துவராக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றியவன் நான். இந்த நிலைக்கு மருத்துவத்தில் டெலிரியம் என்று பெயர். புதிய பெயராகத் தோன்றினாலும் நம் ஆயாக்களுக்கு இது தெரிந்த நோய்தான். காய்ச்சல் முற்றிப் பிதற்றுகிறவரைப் பார்த்து “ஜன்னி கண்டுவிட்டது” என்பார்கள். அந்தச் சொல்லில் ஒரு சரியான அறிவு இருந்தது: பிதற்றல் வேறு நோயின் விளைவு, அந்த நோய் தணிந்தால் பிதற்றலும் தணியும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். இன்று மறதி நோயைப் பற்றிப் பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் நிறையக் கேள்விப்பட்டுவிட்டோம். அதனால் வயதானவர் ஒருவர் மாறிப் பேசினாலே அந்தப் பெயரைச் சூட்டிவிட்டு மேற்கொண்டு தேடாமல் இருந்துவிடுகிறோம். பல வீடுகளில் நான் கண்ட பெரிய இழப்பு இதுதான்.

இரண்டையும் பிரித்தறிய ஸ்கேனுக்கு முன்னால் ஒரு கேள்வி போதும்: எப்போதிலிருந்து? மறதி நோய்க்குத் தேதி இராது. “இரண்டு மூன்று வருடமாகவே கொஞ்சம் கொஞ்சமாக” என்றுதான் வீட்டார் சொல்வார்கள். உங்கள் கடிதத்திலோ ஐந்து நாள் என்று கணக்கே இருக்கிறது. அடுத்தது, ஏற்ற இறக்கம். காலையில் தெளிவும் மாலையில் குழப்பமுமாக ஒரே நாளுக்குள் நிலை மாறுவது டெலிரியத்தின் முகக்குறி. மூன்றாவது, கவனம். கிழமைகளைச் சனி, வெள்ளி, வியாழன் என்று பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர் தட்டுத் தடுமாறியாவது பெரும்பாலும் சொல்லி முடிப்பார். டெலிரியத்தில் இருப்பவர் இரண்டு கிழமை சொல்வதற்குள் நூலை விட்டுவிட்டு எங்கோ பார்ப்பார். 1990-இல் ஷாரன் இனூயே என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் வகுத்த சோதனை முறையும் இவற்றைத்தான் கேட்கிறது: திடீர்த் தொடக்கமும் ஏற்ற இறக்கமும், கவனச் சிதறல், இவற்றோடு பேச்சில் தொடர்பின்மையோ விழிப்பு நிலையில் மாற்றமோ. முதல் கேள்விக்கான விடை மருத்துவரிடம் கிடையாது. கூட இருப்பவரிடம்தான் உண்டு. “எங்கள் ஆச்சி போன திங்கட்கிழமை வரை இப்படி இல்லை” என்று உங்கள் வீட்டுப் பெண்மணி சொல்லும் ஒரு வாக்கியம், பல பரிசோதனைகளை விட மதிப்புள்ளது. அதை அவர் மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும் என்று நீங்கள் அவருக்குத் தைரியம் கொடுங்கள்.

டெலிரியம் வந்தவர் எல்லோரும் கத்தி ரகளை செய்வதில்லை. சிலர் ஒடுங்கிப்போவார்கள், சாப்பாடு வேண்டாம் என்பார்கள், கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வார்கள். என் பணியின் தொடக்கக் காலத்தில் ஓர் ஆச்சியை அப்படிப் பார்த்தேன். மகன் வெளிநாடு திரும்பிய ஏக்கம் என்று நினைத்துப் பசிக்கு மருந்து எழுதி அனுப்பிவிட்டேன். மூன்றாம் நாள் மூச்சிரைப்போடு கொண்டுவந்தார்கள், நுரையீரலில் நிமோனியா. ஒரு நாள் கூடக் காய்ச்சல் அடித்திருக்கவில்லை. பிழைத்துக்கொண்டார் என்றாலும், அமைதியாக இருக்கும் முதியவரை நல்ல நிலையில் இருப்பவராக எடுத்துக்கொள்ளும் தவறை அதன் பிறகு நான் செய்யவில்லை. உங்கள் ஆத்தாவின் பகல் தூக்கத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

இனிக் காரணங்கள். முதியவரின் மூளைக்கு உடம்பின் எந்தத் தொல்லையும் போதும் என்பதால் பட்டியல் நீளமானது. உங்கள் கடிதத்தில் தென்படுபவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் ஐயம் முதலில் அந்தப் புதிய இரத்த அழுத்த மாத்திரை மேல்தான் விழுகிறது. மாத்திரைப் பெயரின் பின்னால் ‘எச்’ என்ற எழுத்து ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் அதில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருக்கும். குளோர்தாலிடோன், இண்டபமைடு ஆகியவையும் இதே வேலையைச் செய்பவை. சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல மருந்துகள் இவை. ஆனால் வயதான, மெலிந்த பெண்களில் சிலருக்கு, தொடங்கிய சில வாரங்களுக்குள் இரத்தத்தின் சோடியத்தை மளமளவென இறக்கிவிடும். 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய அளவு 125-க்குக் கீழே போகும்போது தள்ளாட்டமும் குழப்பமும் வரலாம். இன்னும் இறங்கினால் வலிப்பு வரலாம். நம் பக்கத்து வெயிலும் பழக்கமும் இதற்குத் துணை செய்கின்றன. “உப்பைக் குறையுங்கள்” என்று எப்போதோ சொன்னதை உப்பே கூடாது என்று எடுத்துக்கொண்டு, மதியம் இரண்டு வாய் மோர்ச்சோறு, இரவு கஞ்சி, நடுவில் செம்பு செம்பாய் வெறும் தண்ணீர் என்று நாளைக் கழிக்கிற ஆச்சிமார்களை நான் கோடைதோறும் பார்த்திருக்கிறேன். சோடியம் குறைவு என்று தெரிந்தவுடன் வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பதும் தவறு. ஒரு நாளில் எட்டு முதல் பத்து அலகுக்கு மேல் அதை ஏற்றக்கூடாது. விரைந்து ஏற்றினால் மூளையின் நரம்பு உறையே சிதைந்துவிடக்கூடும். அதனால்தான் மருத்துவமனையில் வைத்து, திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்து மெல்லச் சரிசெய்கிறார்கள். “ஒரு பாட்டில் ஏற்றி அனுப்பிவிடுங்கள்” என்று அவசரப்படுத்தாதீர்கள்.

அடுத்தது சர்க்கரை, அதாவது தாழ்ந்த சர்க்கரை. கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ இன்சுலினோ எடுக்கும் முதியவர், சாப்பாடு குறைந்த நாளிலும் மாத்திரையை விடாமல் போட்டுக்கொண்டால் இது நேரும். சஷ்டி, கார்த்திகை என்று விரதம் இருந்துகொண்டு, மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கியவர்களை விரத நாட்களின் மாலையில் எதிர்பார்த்தே உட்கார்ந்திருப்பேன். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் இந்த நிமிடமே விரலில் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே இருந்து, அவர் விழித்து விழுங்கக்கூடிய நிலையிலும் இருந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். கிறங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சர்க்கரை ஏறித் தெளிந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். அந்த மாத்திரைகளின் வேகம் ஒரு நாளுக்கு மேலும் நீடித்து, நள்ளிரவில் மறுபடி இறக்கிவிடலாம்.

மூன்றாவது, அந்தச் சளி மாத்திரை. சளி மருந்துகளில் இருக்கும் குளோர்பெனிரமின் போன்றவை இளையவருக்குத் தூக்கத்தை மட்டும் தரும். முதியவருக்கு இல்லாத ஆளைக் கண்ணில் காட்டும், வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், சிறுநீரை அடைக்கும். சிறுநீர் அடைத்து அடிவயிறு உப்பி, சொல்லத் தெரியாமல் இரவெல்லாம் அலைந்த ஒருவர், குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்த அன்றைக்கே அமைதியடைந்து பேரன் பெயரைச் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன். நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்சிபெனிடில், மூட்டு வலிக்குத் தரும் டிரமடால் ஆகியவையும் இப்படிச் செய்யக்கூடியவை. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை இரண்டு பக்கமும் வெட்டும்: கொடுத்தாலும் குழப்பும், பல ஆண்டு போட்டுக்கொண்டிருந்ததைத் திடீரென நிறுத்தினாலும் குழப்பும். அதனால் ஆத்தா யாருக்கும் சொல்லாமல் தூக்கத்துக்கு ஏதாவது போட்டுக்கொண்டிருந்தாரா என்று தலையணை அடியையும் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள். மதுரை மருத்துவர் எழுதியது, உள்ளூர் மருத்துவர் எழுதியது, மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது என்று மூன்று பெயரில் ஒரே மருந்து இருந்த மஞ்சள் பைகளை நான் எத்தனையோ பிரித்திருக்கிறேன்.

நான்காவது, அந்த வீழ்ச்சி. இதை மட்டும் யாரும் அற்பமாக எண்ணிவிடாதீர்கள். மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே சொட்டுச் சொட்டாகக் கசியும் இரத்தம் வாரக்கணக்கில் தேங்கிப் பிறகு அழுத்தத் தொடங்கலாம். ஆஸ்பிரின், குளோபிடோகிரல் போன்று இரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு இந்த வாய்ப்பு அதிகம்; தலையில் காயமே தெரியாமலும் இருக்கலாம். சில நிமிடங்களில் முடியும் சிடி ஸ்கேன் இதைக் காட்டிவிடும். விழுந்த செய்தியை மருத்துவரிடம் சொல்லாவிட்டால் ஸ்கேன் எடுக்கத் தோன்றாமலும் போகலாம். தொற்று, மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றையும் அவர்கள் தேடுவார்கள். முதியவருக்கு நெஞ்சு வலியோ காய்ச்சலோ இல்லாமலே இவை வரக்கூடும். ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். வயதான பெண்கள் பலருக்கு எந்தத் தொந்தரவும் தராமலே சிறுநீரில் கிருமி இருக்கும். ஆகவே “யூரின் இன்ஃபெக்‌ஷன், வேறொன்றுமில்லை” என்று முதல் நாளே தேடலை முடித்துக்கொண்டால், சோடியமும் தலையும் பார்க்கப்பட்டனவா என்று பணிவாகக் கேளுங்கள்.

நான் சொன்ன வரிசை என் ஐயத்தின் வரிசைதான். காரணம் ஒன்றாக இராமல் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதே வழக்கம். முழுதாகத் தேடியும் சிலருக்குக் காரணம் அகப்படுவதில்லை. லூயி பாடி என்னும் ஒரு வகை மறதி நோயிலும் இல்லாத ஆளைக் காண்பதும் நாளுக்கு நாள் மாறுவதும் உண்டு. வெளியில் தெரியாமல் இலேசான மறதி நோய் முன்பே இருந்து, அதன்மேல் இது ஏறியிருக்கவும் இடமுண்டு. இவையெல்லாம் பின்னால் தெளிய வேண்டியவை. முதலில் சரிசெய்யக்கூடியதைத் தேடுவதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.

எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, மூச்சிரைப்பு, நெஞ்சு வலி, வாய் கோணல், ஒரு கை கால் சோர்வு, கழுத்து விறைப்போடு காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். நிமிடத்தில் தொடங்கிய பேச்சுக் குழறலோ, சரளமாக ஆனால் பொருளில்லாமல் வரும் பேச்சோ பக்கவாதமாக இருக்கலாம்; அடைப்பைக் கரைக்கும் ஊசிக்குத் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. இவை எதுவும் இல்லையென்றால் காரில் மெதுவாக அழைத்துப் போகலாம். நேரே மதுரைக்கு ஓட வேண்டும் என்று நினைக்காதீர்கள். 90 கிலோமீட்டர் சாலையில் போகிற நேரத்துக்குள் காரைக்குடியிலேயே சர்க்கரை, சோடியம், இசிஜி, எக்ஸ்ரே எல்லாம் பார்த்துச் சிகிச்சையைத் தொடங்கிவிடலாம். தலைக்குள் இரத்தம் என்று தெரிந்தால் அவர்களே மேலே அனுப்புவார்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், காலி அட்டைகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போகட்டும். மூக்குக் கண்ணாடி, காது கருவி, பல் செட் மூன்றையும் மறக்க வேண்டாம். அதுவரை சளி மாத்திரையை நிறுத்திவிடலாம். புதிய அழுத்த மாத்திரையின் அடுத்த வேளையையும், சாப்பிடாத வேளையில் சர்க்கரை மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவமனையில் படுக்கை அருகே நெருங்கியவர் ஒருவர் இருப்பது மருந்துக்குச் சமமானது. 1999-இல் இனூயே குழுவினர் எழுபது வயதைக் கடந்த 852 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கண்ணாடியும் காது கருவியும் கையருகே வைத்தல், நடக்கவைத்தல், தண்ணீர் கொடுத்தல், மருந்தில்லாமல் தூங்கவைத்தல், நாளும் கிழமையும் சொல்லிக்கொண்டிருத்தல் ஆகிய எளிய பணிகளைச் செய்த பிரிவில் 9.9 விழுக்காட்டினருக்கும், வழக்கமான கவனிப்பில் 15 விழுக்காட்டினருக்கும் டெலிரியம் வந்தது. அந்த ஆய்வு வருமுன் தடுப்பதைப் பற்றியது. வந்துவிட்ட பிறகு இவை எவ்வளவு பயன் தரும் என்பதற்கு அத்தனை உறுதியான சான்று இல்லை. ஆயினும் தீங்கில்லாத இந்தப் பணிகளை நான் விடமாட்டேன். அப்பச்சி முகப்பில் இருக்கிறார் என்று ஆத்தா சொன்னால் மறுத்து வாதாடவும் வேண்டாம், ஆமாம் என்று நடிக்கவும் வேண்டாம். “ஆத்தா, நான் இருக்கிறேன், இது ஆஸ்பத்திரி, காலையில் தம்பி போன் பேசும்” என்று முகத்துக்கு நேரே நின்று சின்னச் சின்னச் சொல்லாகச் சொல்லட்டும். நீங்கள் நாளுக்கு இருமுறை, அவர் தெளிவாக இருக்கும் வேளை பார்த்துப் பேசுங்கள். கையைக் காலைக் கட்டிவைத்தால் மிரட்சி கூடும். கட்டாமல் பக்கத்தில் ஆள் வைத்துப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். தூங்க ஊசி போடச் சொல்லி நீங்களாக வற்புறுத்த வேண்டாம். தீவிரச் சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், மிரட்சியைத் தணிக்கத் தரும் ஹாலோபெரிடால் என்ற மருந்து டெலிரியத்தின் நாட்களைக் குறைக்கவில்லை. தமக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் அளவு மிரள்பவருக்கு மட்டும் சிறிய அளவில், சில நாட்களுக்கு அதைத் தருவதுண்டு.

மந்திரிப்பதைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். குன்றக்குடி விபூதியை நெற்றியில் பூசுவதால் எந்தத் தீங்கும் இல்லை. அது அவருக்கு ஆறுதலாகவும் இருக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துப் பூசுங்கள். ஒரு இரவு பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளுவதும், பட்டினி போடுவதும், பெயர் தெரியாத சூரணம் கொடுப்பதும்தான் கூடாது. பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்கிறேன்: இந்த நிலையில் ஆத்தா எதிலும் கையெழுத்திடக்கூடாது. தாம் செய்வது இன்னதென்று அறியாத வேளையில் இட்ட கையெழுத்து அவருக்கு இழைக்கும் அநீதி. பங்காளிகளுக்குள் வழக்குக்கும் அது வித்து. வீட்டைப் பூட்டிவிட்டு அவரைச் சென்னைக்கு அழைத்துப்போவதா, முதியோர் இல்லமா என்பதையும் இந்த வாரத்தில் முடிவு செய்யாதீர்கள்.

எப்போது தேறுவார்? காரணம் சரியான அன்றே தெளிபவரும் உண்டு. ஆனால் இரத்தத்தின் எண்கள் சரியான பிறகும் மூளை தெளிய நாட்களோ வாரங்களோ ஆவது முதியவர்களிடம் சாதாரணம். சிலருக்கு மாதங்கள் ஆகின்றன. சிலர் பழைய நிலைக்கு முழுதாக வருவதில்லை என்பதையும் மறைக்க விரும்பவில்லை. டெலிரியம் வந்தவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்பது உறுதியாகத் தெரியும். டெலிரியமே மூளைக்குக் கேடு செய்கிறதா, அல்லது முன்பே பலவீனமாக இருந்த மூளையை அது வெளிக்காட்டுகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் முடிவில்லை. ஆகவே இப்போது மறதிச் சோதனை எதுவும் செய்து பெயர் சூட்ட வேண்டாம். தெளிந்து மூன்று மாதம் கழித்து, கண்ணும் காதும் சரிபார்த்து, பி12, தைராய்டு அளவுகளையும் பார்த்து, அப்போது நிதானமாகச் சோதிக்கலாம். ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுப்பவராக இருந்தால் பி12 பார்ப்பது மிக அவசியம். என் ஐயம் உண்மையாகிச் சோடியம்தான் காரணம் என்று தெரிந்தால், அந்த மாத்திரையின் பெயரையும் “இதனால் சோடியம் இறங்கியது” என்பதையும் ஆத்தாவின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு வேறொரு மருத்துவர், நல்லெண்ணத்தோடு, அதையே மறுபடி எழுதிக் கொடுப்பார்.